பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



ஐந்தாவது முடித்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, பரீட்சைகளுக்கு எப்படித் தயார் செய்வது என்கின்ற விஷயத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். "இவன் ஜோசியத்தையும் சடங்கையும் கண்டித்துப் பேசுகிறவனாயிற்றே, இவனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் நிறைய இருக்கிறது. ஒரு ஏழைக் குடும்பம் கையில் இருப்பதை விற்றுச் செலவு செய்வது இரண்டு காரியங்களுக்குத்தான். ஒன்று கல்யாணம், மற்றொன்று பிள்ளையின் படிப்பு. கல்யாணத்தில் ஏமாறுவதைப் பற்றி நம் மேடைகளில் எவ்வளவோ பேசியாகிவிட்டது. படிப்பில் ஏமாறுவதைப் பற்றிப் பேசியது போதாது. எங்கே பயமும் அறியாமையும் ஒன்றாய்ச் சேருகின்றனவோ அங்கே ஒரு தரகன் வந்து உட்கார்ந்து விடுவான். கோயில் வாசலில் உட்கார்ந்த தரகனை அடையாளம் கண்டுகொண்ட நாம், பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பவனையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டாமா?

நான் பெரிய படிப்பாளி அல்ல. எட்டாவதோடு நின்று, சைக்கிள் கடையில் வேலை பார்த்துக் கொண்டு, சாயங்காலத்தில் படிப்பகத்தில் உட்கார்ந்து நாலு எழுத்துத் தெரிந்து கொண்டவன். ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டத்தைப் பற்றிச் சொன்னால் சட்டத்தைப் பாருங்கள். பள்ளியைப் பற்றிச் சொன்னால் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். பிறகு உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.

"அவன் தலையெழுத்து அவ்வளவுதான்"

பள்ளியைப் பார்ப்பதற்கு முன் நம் மூளையில் இருக்கிற ஒரு குப்பையைக் கூட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. "எங்கள் பையனுக்குப் படிப்பு ஏறாது, அவன் தலையெழுத்து அவ்வளவுதான்; எங்கள் வம்சத்தில் யாருக்கும் கணக்கு வராது" என்று தகப்பனே பிள்ளையின் முன்னால் சொல்லுகிறான். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? பிறப்பைக் கொண்டு இன்னாருக்குப் படிப்பு, இன்னாருக்கு மண்வெட்டி என்று பிரித்து வைத்தவன் சொல்லிக் கொடுத்த பேச்சு அது. அவன் எழுதியதை நாம் நம் பிள்ளையின் நெற்றியில் மறுபடியும் எழுதுகிறோம்.

இது நம் நாட்டுக் கிறுக்கு மாத்திரமல்ல. வெள்ளைக்காரர் நாட்டிலும் இதே கிறுக்கு கோட்டும் சூட்டும் போட்டுக் கொண்டு வந்தது. 1905-ல் பாரீசில் பினே என்கின்ற அறிஞர், சைமன் என்பவரோடு சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு அறிவுச் சோதனை தயாரித்தார். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடித்து உதவுவதற்காகத்தான் அதைச் செய்தார். அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைத்த மாறாத அளவு என்று சொல்லுவதை அவரே ஆட்சேபித்தார். ஆனால் பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? உதவி செய்வதற்கு வந்த கருவியை வாசலில் நிறுத்திக் கழித்துக் கட்டுவதற்கு உபயோகித்தார்கள்.

இங்கிலாந்தில் 1944-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைத்து, தேறினவர்களைக் "கிராமர் பள்ளி"க்கும், மற்றவர்களைச் சாதாரணப் பள்ளிக்கும் அனுப்பினார்கள். ஏறக்குறைய நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுதான் தேறும். மற்றதெல்லாம் பதினோரு வயதிலேயே "நீ லாயக்கில்லை" என்று முத்திரை குத்தப்பட்டது. பெண்பிள்ளைகள் அந்த வயதில் அதிக மார்க் வாங்கிவிடுகிறார்கள் என்பதற்காகப் பல ஜில்லாக்களில் அவர்களுக்குத் தேறும் மார்க்கை உயர்த்தியே வைத்தார்கள். அறிவு பிறவியில் வருவது என்று அக்காலத்தில் அங்கே பெரிதாய் வாதாடியவர் சிரில் பர்ட் என்கின்ற பெரிய மனிதர். தனித்தனியாய் வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்ததாகச் சொல்லிக் கணக்குக் காட்டினார். அவர் 1971-ல் செத்த பிறகு, காமின் என்பவர் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 21 ஜோடியை ஆராய்ந்தபோது வந்த விடையும், 53 ஜோடியை ஆராய்ந்தபோது வந்த விடையும் மூன்று தசமம் வரையில் ஒன்றாகவே இருந்தன. ஆள் கூடியும் விடை அசையாத கணக்கை நம்புவது எப்படி? 1970-களில் இந்த விஷயம் சந்தி சிரித்தது. இதற்கு முன்பே, 1965-ல், அந்தப் பரீட்சை முறையைக் கைவிட்டு எல்லாருக்கும் பொதுவான பள்ளிகளை ஏற்படுத்தும்படி அந்நாட்டு சர்க்கார் கேட்டுக் கொண்டது. இன்று இங்கிலாந்தில் மிச்சமிருக்கிற கிராமர் பள்ளிகள் 163. அவற்றுக்காக இன்றைக்கும் தனி டியூஷன் வைக்கிறவர்கள் காசுள்ளவர்களே.

இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன? பரீட்சை என்பது அந்த ஒரு நாளில், அந்த ஒரு கேள்வித்தாளில், அந்தப் பிள்ளை என்ன பழகியிருக்கிறது என்பதைக் காட்டும். அதற்கு மேல் அது காட்டுவதாகச் சொல்லுவதெல்லாம் ஜோசியம்.

புதிய ஜோசியர்கள்

ஜோசியம் என்றதும் ஜாதகக் கட்டை வைத்துக் கொண்டிருப்பவனை மாத்திரம் நினைக்காதீர்கள். இப்போது மிஷின் வைத்திருக்கிற ஜோசியன் வந்திருக்கிறான். பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் ஒரு மிஷினில் பதிந்து, "உன் பிள்ளைக்கு டாக்டர் படிப்பு வரும், கணக்கு வராது" என்று வழவழப்பான காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறான். கைரேகைக்கும் அறிவுக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் ஒன்றுமில்லை. கிளி ஜோசியனிடம் கிளிக்காவது ஒரு நெல் கிடைக்கிறது. இங்கே கிளியும் இல்லை.

இன்னொருவன் "நடுமூளையைத் தூண்டி விடுகிறேன், உன் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும்" என்கிறான். படிக்கவும் செய்கிறது! தாய் தகப்பன் கண்ணீர் விட்டுப் பணம் கட்டுகிறார்கள். மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகப் பிள்ளை கீழ் நோக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் கண்ணுக்கும் துணிக்கும் நடுவில் பஞ்சை நன்றாய் அடைத்துவிட்டு, புத்தகத்தைத் தலைக்கு மேலே பிடித்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். இதில் பணம் போவதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை பெற்றோரைச் சந்தோஷப்படுத்துவதற்காகப் பொய் சொல்லப் பழகிக் கொள்ளுகிறது. படிக்க அனுப்பிய பிள்ளைக்குப் பித்தலாட்டம் அல்லவா கற்பிக்கப்படுகிறது?

பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுத்துக் கொண்டு போகிறவர்களையும் நான் கேட்கிறேன். அதே சாமியிடம் வைத்த அத்தனை பேனாவும் தேறியிருக்கிறதா? தேறாத பேனாவுக்கு யார் பொறுப்பு? தேறினால் சாமி, தேறாவிட்டால் பிள்ளை என்றால், இது என்ன நியாயம்?

வாசலில் பரீட்சை வைப்பது குற்றம்

இனி பள்ளிக்கூட வாசலுக்கு வருவோம். நம் தோழர் ஒருவர், நெசவு வேலை செய்பவர், தம் பையனை ஒரு தனியார் பள்ளியில் ஆறாவது சேர்க்கப் போனார். பள்ளியின் பெயர் நமக்கு வேண்டாம். பையனுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பிறகு தகப்பனையும் தாயையும் உட்கார வைத்து, "நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள், வீட்டில் இங்கிலீஷ் பேசுவீர்களா?" என்று கேட்டார்கள். கடைசியில், "பையன் சுமார்தான், கட்டட நிதிக்கு ஒரு தொகை கொடுத்தால் பார்க்கலாம்" என்றார்கள். அவர் மனைவியின் வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

தோழர்களே! 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. அது 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 13-வது பிரிவு, பள்ளியில் சேர்க்கும்போது நன்கொடை வாங்கக் கூடாது, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ எந்தவிதமான வடிகட்டும் பரீட்சையும் வைக்கக் கூடாது என்று சொல்லுகிறது. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். பரீட்சை வைத்தால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரையிலும், அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

இதே சட்டத்தின் 28-வது பிரிவு, உபாத்தியாயர் தனி டியூஷன் நடத்தக் கூடாது என்கிறது. 17-வது பிரிவு, பிள்ளையை அடிக்கக் கூடாது, மனம் நோகும்படி வதைக்கவும் கூடாது என்கிறது. சம்பளத்தைப் பற்றியும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ல் செய்யப்பட்ட சட்டப்படி, ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதியின் தலைமையில் ஒரு கமிட்டி தனியார் பள்ளிகளுக்குச் சம்பளம் நிர்ணயிக்கிறது. "கமிட்டி உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு? ரசீது கொடுப்பீர்களா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பேச்சின் சுருதி மாறிப்போகும்.

இரண்டு பள்ளிக்கும் ஒரே புத்தகம்

"பெரிய சம்பளம் வாங்குகிற பள்ளியில் பெரிய படிப்பு இருக்கும்" என்பது நம் ஜனங்களின் எண்ணம். பெரிய கோபுரமுள்ள கோயிலில் பெரிய சாமி இருக்கும் என்று நினைப்பதைப் போன்றது இது. தமிழ்நாட்டில் 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, வழக்கெல்லாம் நடந்து, 2011-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு பத்தாவது வரையில் அமலுக்கு வந்தது. அதன் பிறகு சர்க்கார் பள்ளிப் பிள்ளைக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளிப் பிள்ளைக்கும் பாடம் ஒன்று, பொதுப் பரீட்சையும் ஒன்று. அப்படியானால் நீங்கள் கூடுதலாய்க் கொடுக்கும் பணம் எதற்கு? கழுத்துப் பட்டைக்கும், பஸ்ஸுக்கும், "எங்கள் பையன் இன்ன பள்ளியில் படிக்கிறான்" என்று சொந்தக்காரரிடம் சொல்லிக் கொள்ளுவதற்கும்தானா என்பதை யோசித்துப் பாருங்கள்.

தனியார் பள்ளி எல்லாம் மோசம், சர்க்கார் பள்ளி எல்லாம் உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். உபாத்தியாயர் இல்லாத சர்க்கார் பள்ளியும் இருக்கிறது. ஒழுங்காய் நடக்கும் தனியார் பள்ளியும் இருக்கிறது. ஆனால் ஆறாவதில் எந்தப் பள்ளி என்று முடிவு செய்கிறபோது, பின்னால் வரக்கூடிய சில உரிமைகளையும் சேர்த்தே முடிவு செய்கிறீர்கள் என்பது அநேகருக்குத் தெரியாது. அதைச் சொல்லுவதற்குத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

2020-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரையில் சர்க்கார் பள்ளியில் படித்து, நீட் பரீட்சையிலும் தேறிய பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித இடம் தனியே ஒதுக்கப்பட்டது. 2021-ல் இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது வந்தது. "ஆறாவது முதல்" என்பதைக் கவனியுங்கள். ஆறாவதையும் ஏழாவதையும் பெருமைக்காகத் தனியார் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, பணம் முடியாமல் எட்டாவதில் சர்க்கார் பள்ளிக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? கையில் இருந்த பணமும் போயிற்று, இந்த உரிமையும் போயிற்று. இன்னொன்று: சர்க்கார் உதவி பெறும் பள்ளி வேறு, சர்க்கார் பள்ளி வேறு. இந்த 7.5 சதவிகிதம் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது. சேர்க்கும்போதே தலைமை உபாத்தியாயரிடம், "இது எந்த வகைப் பள்ளி?" என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் வேண்டாமென்று நான் சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. இங்கிலீஷ் அவசியம் வேண்டும். ஆனால் இங்கிலீஷைக் கற்பது வேறு, ஒன்றும் புரியாமல் எல்லாப் பாடத்தையும் இங்கிலீஷில் உருப்போடுவது வேறு. பள்ளியில் கொடுத்த பதிலை வீட்டில் தமிழில் விளக்கச் சொல்லிப் பாருங்கள். விளக்கினால் படித்திருக்கிறது. விழித்தால், மந்திரம் சொல்லக் கற்றிருக்கிறது; அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுகிறவனை நாம் என்ன சொல்லி வருகிறோமோ, அதுவே இதற்கும் பொருந்தும்.

பள்ளியை எப்படிப் பரிசோதிப்பது?

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நடக்க விட்டுப் பார்க்கிறான். பிள்ளையைச் சேர்க்கப் போகிறவன் பள்ளியின் பெயர்ப் பலகையை மாத்திரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். ஒரு வேலை நாளில், அரை நாள் கூலி போனாலும் போகட்டும் என்று நேரில் போங்கள்.

முதலாவது, கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் தனி உபாத்தியாயர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆறாவது முதல் எட்டாவது வரையில் விஞ்ஞானமும் கணக்கும், சமூகப் பாடம், மொழி ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு உபாத்தியாயராவது இருக்க வேண்டும், 35 பிள்ளைக்கு ஒரு உபாத்தியாயராவது வேண்டும் என்பது சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இரண்டாவது, பெண்பிள்ளைகளின் கக்கூசில் தண்ணீர் வருகிறதா என்று உங்கள் வீட்டு அம்மாவை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாத கக்கூசினால் படிப்பை நிறுத்திய பெண்கள் ஏராளம். மூன்றாவது, புத்தக அலமாரியின் பூட்டைப் பாருங்கள். தூசி படிந்திருந்தால் சங்கதி தெரிந்து போகும். நாலாவது, அங்கே படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, அதன் நோட்டை வாங்கிப் பாருங்கள். தப்பைத் திருத்தி எழுதியிருக்கிறதா, அல்லது எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி சிவப்புக் கோடுதானா என்பது உங்களுக்கே விளங்கும். ஐந்தாவது, போகிற தூரம். தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிற பிள்ளைக்குத் தூக்கமும் விளையாட்டும் திருடப்படுகின்றன.

இன்னொரு காரியத்தையும் வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. "அந்தப் பள்ளியில் நம்ம ஆட்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்று ஜாதியைப் பார்த்துப் பள்ளி தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023-ல் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையன்களே உடன் படித்த பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் விசாரணை நடந்து, 2024-ல் அறிக்கை கொடுக்கப்பட்டது. கையில் ஜாதிக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவதைத் தடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. கயிறு பிள்ளையின் கையில் தானாக முளைத்ததா? வீட்டிலிருந்துதானே போயிற்று? எல்லா ஜாதிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிற பள்ளியே நல்ல பள்ளி.

நல்ல பள்ளி பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வது? சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி நிர்வாகக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். உபாத்தியாயர் இல்லை, தண்ணீர் இல்லை என்பதை அங்கே எழுதி வைத்து, நகலை வாங்கி, மேலதிகாரிக்கு அனுப்புங்கள். டீக்கடையில் உட்கார்ந்து பள்ளியைத் திட்டுகிறவர் நூறு பேர். குழுக் கூட்டத்துக்குப் போகிறவர் நாலு பேர். பள்ளி எப்படி உருப்படும்?

எழுத வேண்டிய பரீட்சைகள்

வாசலில் வடிகட்டும் பரீட்சையை நான் கண்டிக்கிறேன் என்பதால், பரீட்சையே வேண்டாம் என்று அர்த்தமல்ல. பிள்ளைக்குப் பணமும் வழியும் கொடுக்கிற பரீட்சைகள் இருக்கின்றன. அவற்றை எழுத வைக்காமல் இருப்பது மடத்தனம்.

எட்டாவது படிக்கிறபோது தேசிய வருவாய் வழி மற்றும் திறன் உதவித்தொகைப் பரீட்சை ஒன்று இருக்கிறது. சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு மாத்திரமே அது உண்டு. தனியார் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. தேறித் தேர்வு பெற்றால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரையில் மாதம் 1,000 ரூபாய், நாலு வருஷத்தில் 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது 6,695 பேர். ஒன்பதாவதில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுப் பரீட்சை இருக்கிறது. அதில் ஜில்லாவுக்கு 50 பையன்கள், 50 பெண்கள் என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆறாவதில் சேருவதற்கே எழுதக் கூடியது சைனிக் பள்ளிப் பரீட்சை. நம் பக்கத்தில் அமராவதி நகரில் 1962 முதல் அந்தப் பள்ளி இருக்கிறது. ஆறாவதுக்கு 125 கேள்வி, 300 மார்க். அதில் கணக்குக்கு மாத்திரம் 150 மார்க். தமிழிலும் எழுதலாம். முன்பு பையன்களுக்கு மட்டும் என்றிருந்த சைனிக் பள்ளிகள் எல்லாவற்றிலும் 2021 முதல் பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். "பொம்பளைப் பிள்ளைக்குப் பட்டாளத்துப் பள்ளி எதற்கு?" என்று கேட்காதீர்கள். பிள்ளையைக் கேளுங்கள்.

தயார் செய்வது எப்படி?

இதற்கு மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை, பழக்கம் ஒன்றுதான். உதவித்தொகைப் பரீட்சையையே எடுத்துக் கொள்ளுவோம். இரண்டு தாள், ஒன்று மனத்திறன், மற்றொன்று பாடம். ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிஷம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் குறித்துவிட்டு வர வேண்டும் என்பது முதல் பாடம். தெரிந்ததை முதலில் முடித்து, முரண்டு பிடிப்பதைக் கடைசியில் பார்ப்பது இரண்டாவது பாடம்.

மனத்திறன் என்றதும் பிறவி மூளை வேண்டுமென்று பயப்படாதீர்கள். 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன என்று கேட்பான். பழகாத பிள்ளை திகைத்து நிற்கும். பழகிய பிள்ளை நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும்: 4, 6, 8, 10, அடுத்த வித்தியாசம் 12, ஆகவே விடை 42. கண்ணாடியில் கடிகாரம் 3 மணி 40 நிமிஷம் காட்டுகிறது, சரியான மணி என்ன என்பான். 12 மணியிலிருந்து அதைக் கழித்தால் 8 மணி 20 நிமிஷம். இதில் பிரம்மா எழுதியது எங்கே இருக்கிறது? இரண்டு நாள் யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுதான் இருக்கிறது. அந்த இரண்டு நாள் கிடைத்தவன் புத்திசாலி என்றும், கிடைக்காதவன் மக்கு என்றும் பெயர் வாங்குகிறார்கள்.

ஆகையால் தினம் அரை மணி நேரம் போதும். ஆனால் தினமும் வேண்டும். பழைய கேள்வித்தாள்களை வாங்கி, கடிகாரத்தை எதிரில் வைத்துக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். தப்பானவற்றை ஒரு தனி நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா, அவசரமா? இந்த மூன்றுக்கும் வெவ்வேறு வைத்தியம். பாடம் தெரியாவிட்டால் புத்தகத்துக்குப் போக வேண்டும். கேள்வி புரியாவிட்டால் தினம் பத்திரிகையைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். அவசரமென்றால் விடை குறிக்கும் முன் கேள்வியை இரண்டாம் தடவை படிக்கப் பழக வேண்டும். படிக்கத் தெரியாத தாய்கூட இதைச் செய்விக்கலாம். "இதை ஏன் தப்பாய்ப் போட்டாய், எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லிக் காட்டுகிறபோதே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

விடியற்காலம் நாலு மணிக்கு எழுப்பிப் பிள்ளையை வதைக்காதீர்கள். தூங்காத மூளையில் ஒன்றும் நிற்காது. பரீட்சை நாளன்று விரதம், பட்டினி எல்லாம் வேண்டாம். இட்லி தின்றுவிட்டுப் போகட்டும். ராகுகாலம் பார்த்துப் புறப்படாதீர்கள்; பஸ் நேரம் பார்த்துப் புறப்படுங்கள்.

நம் படிப்பகங்கள் இருக்கின்றனவே, சாயங்காலத்தில் அங்கே என்ன நடக்கிறது? பத்திரிகை படித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். ஊரில் காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடித்து, எட்டாவது பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் கணக்கும் மனத்திறனும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பணக்காரன் டியூஷன் வாங்குகிறான். நாம் ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொள்ளுவோம்.

பெண்பிள்ளைக்கு ஒரு நியாயம்

கடைசியாகத் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பையனை 60,000 ரூபாய் கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, பெண்ணைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புகிற வீடு எத்தனை? பக்கத்துப் பள்ளி தாழ்வென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அதைத் தாழ்வென்று நினைத்துக்கொண்டு பெண்ணை அங்கே அனுப்புகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். ஒரே பள்ளிக்கு இரண்டு பேரையும் அனுப்புங்கள். மிச்சமாகும் பணத்தை இருவர் பேரிலும் மேல்படிப்புக்குப் போட்டு வையுங்கள். இரண்டு பேரும் ஒரே பரீட்சைக்குப் படிக்கிறபோது, பையன் புத்தகத்தோடும் பெண் பாத்திரத்தோடும் உட்கார்ந்தால், அது எப்படிச் சம பரீட்சையாகும்? பாத்திரத்தை இருவரும் தேய்க்கட்டும். அரை மணி நேரம் இருவருக்கும் கிடைக்கட்டும்.

தேறாவிட்டால் என்ன? ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. 6,695 இடத்துக்கு லட்சக்கணக்கான பேர் எழுதினால், தேறாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். இது சாதாரணக் கணக்கு. அந்தச் சாயங்காலம் நீங்கள் பிள்ளையிடம் சொல்லுகிற வார்த்தை, பரீட்சையைவிட அதிக நாள் அதன் மனதில் இருக்கும். "எந்தக் கேள்வி கஷ்டமாயிருந்தது?" என்று கேளுங்கள். "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். பரீட்சைக்காகப் பிள்ளை அல்ல, பிள்ளைக்காகத்தான் பரீட்சை.

ஆகவே தோழர்களே! தலையெழுத்து என்பதை விட்டுவிடுங்கள். மிஷின் ஜோசியனுக்குக் காசு கொடுக்காதீர்கள். வாசலில் பரீட்சை வைக்கிறவனிடம் சட்டத்தைக் காட்டுங்கள். பள்ளியை நேரில் போய்ப் பார்த்துச் சேருங்கள். சேர்த்த பிறகு அந்தப் பள்ளி நம்முடையது என்று நினைத்து, குழுக் கூட்டத்துக்குப் போங்கள். நான் சொன்னதில் தப்பிருந்தால் இப்போதே எழுந்து கேட்கலாம். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.